கடைக்கு வரும் முன்பே எக்ஸ்பி சிடி எப்படி வெளியே வந்தது?

திருப்பூர்_கண்ணன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம், கேட்டுவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிற கடைகளில் ஒரே சிடிதான் சுற்றும், அதன் மேல் மார்க்கர் பேனாவால், நிறுவும்போது கேட்கிற ஒரு கீ எழுதியிருக்கும், எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும். திருப்பூரிலும் அதே கீ, சென்னை ரிச்சி தெருவிலும் அதே கீ, துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர் பையிலும் அதே கீ. ஒரே கீ எப்படி ஊர் உலகமெல்லாம் போனது? மைக்ரோசாஃப்ட் ஏன் அதை உடனே முடக்கவில்லை?

கடைக்கு விற்பனைக்கு வரும் முன்பே திருட்டுப் பிரதி வந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் யாராவது கம்பெனிக்குள் புகுந்து எடுத்தார்களா? எங்கள் ஆபீசில் ஒருவர் "கம்பெனிக்காரனே வேண்டுமென்று விடுவதுதான், ஜனங்கள் பழகட்டும் என்று" என அடித்துச் சொல்கிறார். இந்த கிராக் போடுகிறவர்களுக்கு, அதாவது மென்பொருள் பூட்டை உடைத்து வெளியே விடுகிறவர்களுக்கு, என்ன வருமானம் என்பதும் விளங்கவில்லை. லிங்க் எதுவும் கேட்கவில்லை, மாடரேட்டர் கோபப்பட வேண்டாம். கதை தெரிந்தால் போதும்.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

கண்ணன், முதலில் ஒன்று. அந்த கீயை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அது மைக்ரோசாஃப்டே கொடுத்த அசல் கீ.

விண்டோஸுக்கு ஆக்டிவேஷன் என்ற சமாச்சாரம், அதாவது இது அசல் பிரதிதான் என்று கம்பெனியிடம் உறுதி செய்வது, எக்ஸ்பியில்தான் வந்தது. போட்டு 30 நாளுக்குள் நெட்டிலோ ஃபோனிலோ ஆக்டிவேட் செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளே விடாது. வீட்டில் ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு அது சரி. நாலாயிரம் மெஷின் வைத்திருக்கிற கம்பெனியில் ஐடி ஆள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஆக்டிவேட் செய்துகொண்டிருக்க முடியுமா? அவர்களுக்காக வால்யூம் லைசென்ஸ் என்று தனிப் பதிப்பு. ஒரே சிடி, ஒரே கீ, ஆக்டிவேஷனே கிடையாது. கீ சரியாக இருந்தால் எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் கேள்வி கேட்காமல் ஏறும். எத்தனை மெஷின் என்ற கணக்கு காகிதத்தில் உள்ள ஒப்பந்தத்தில் மட்டும்தான்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். எக்ஸ்பி முடிந்து தயாரிப்புக்குப் போனது 2001 ஆகஸ்ட் 24. கடை விற்பனை அக்டோபர் 25. இடையில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் சிடி அச்சடிக்கிற ஆலை, மெஷினில் ஏற்றி விற்கிற கணினிக் கம்பெனிகள், பெரிய வாடிக்கையாளர்கள் என்று எத்தனையோ பேர் கைக்கு அது போயாக வேண்டும், வேறு வழியில்லை. இதில் ஏதோ ஒரு கை நழுவினால் போதும். டெவில்ஸ்ஓன் என்ற குழு அந்த வால்யூம் பதிப்பையும் கீயையும் சேர்த்து வெளியே விட்டது, கடைக்கு வர இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே. பூட்டை உடைக்கவே இல்லை, பூட்டே போடாமல் செய்த கதவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முடக்கினார்களா என்றால், முடக்கினார்கள். 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் அந்த கீ இருக்கும் மெஷினில் ஏறாது. ஆனால் ஏற்கெனவே ஓடுவதை அது நிறுத்தவில்லை. ஆக்டிவேஷனே இல்லாத பதிப்பு, தலைமையகத்தோடு பேசவே பேசாது, அங்கிருந்து எதை வைத்து நிறுத்துவது? அதனால் நம் ஜனம் செய்தது என்ன, அப்டேட்டை அணைத்து வைத்தது. "அப்டேட் போடாதீங்க சார், மாட்டிக்கும்" என்று கடைக்காரரே சொல்லிக் கொடுத்த காலம் அது. வைரஸுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

பொதுவாக இந்த லீக் கதைகளைப் படித்தால் எல்லாவற்றிலும் இதுதான் அடிநாதம். முகமூடி போட்ட ஹேக்கர் நடுராத்திரியில் நுழைவது அபூர்வம். முறைப்படி அனுமதி உள்ள யாரோ ஒருவர், பீட்டா சோதிப்பவர், பத்திரிகைக்கு விமர்சனப் பிரதி வாங்குபவர், ஸ்டாக்கை இரண்டு நாள் முன்பே இறக்கி வைத்திருக்கிற கடைப் பையன், அவர்தான் வாசல்.

---

அகிலா_நெட் எழுதியது:

சிஸ்அட்மின் சார் சொன்னதோடு வருமானக் கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

பர்மா பஜாரில் சிடி விற்றவர் வேறு, அதை முதலில் வெளியே விட்டவர்கள் வேறு. முதலில் விட்டவர்கள் தங்களை "சீன்" என்று சொல்லிக்கொண்டார்கள். குழுக்களாக இருப்பார்கள், வேலை பிரித்திருக்கும். சப்ளையர் என்பவர் பிரதி கொண்டுவருவார், கிராக்கர் பாதுகாப்பை எடுப்பார், இன்னொருவர் அது ஓடுகிறதா என்று சோதிப்பார், அப்புறம் சின்னச் சின்ன ஆர்ஏஆர் கோப்புகளாக நறுக்கி, கூடவே குழுவின் பெயரைக் கோட்டோவியமாகப் போட்ட ஒரு என்எஃப்ஓ கோப்பையும் வைத்து ரகசிய செர்வருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கூரியர்கள் மற்ற செர்வர்களுக்குத் தள்ளுவார்கள். அந்த செர்வர்கள் பலவும் யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? வேகமான இணைப்பு இருந்த பல்கலைக்கழகங்களிலும் கம்பெனிகளிலும், நிர்வாகத்துக்குத் தெரியாமல் அங்கே வேலை பார்க்கிற ஆளே ஓரமாக ஓட்டியது.

காசு? பெரும்பாலும் இல்லை. பந்தயம்தான். ஒரே மென்பொருளை இரண்டு குழு விட்டால் இரண்டாவது வந்ததற்கு மதிப்பே கிடையாது, சில நிமிடம் பிந்தினாலும் சரி. அரைகுறையாக வேலை செய்தாலோ விதி மீறியிருந்தாலோ "நியூக்" செய்து, அதாவது செல்லாது என்று முத்திரை குத்தி, மானத்தை வாங்கிவிடுவார்கள். ஆமாம், திருட்டுக்கு விதிமுறைப் புத்தகம் வைத்திருந்தார்கள், நம்ப முடியாவிட்டாலும் உண்மை. பொதுவில் இறக்கிக்கொள்கிற டொரண்ட் கூட்டத்தை இவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நம் கைக்கு வந்ததெல்லாம் அங்கிருந்து ஒழுகியதுதான், அவர்கள் நமக்காகச் செய்தது இல்லை.

டிரிங்க்ஆர்டை என்று ஒரு குழு, 1993இல் மாஸ்கோவில் தொடங்கியது. விண்டோஸ் 95ஐ விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே வெளியே விட்டுப் பெயர் வாங்கியது. 2001 டிசம்பர் 11 அன்று "ஆபரேஷன் பக்கனீர்" என்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து எல்லாம் ஒரே நேரத்தில் சோதனை போட்டார்கள். அமெரிக்காவில் எம்ஐடி, யுசிஎல்ஏ பல்கலைக்கழக வளாகங்களுக்குள்ளும் போனார்கள். சிக்கியவர்கள் யார் என்று பார்த்தால் சிஸ்டம் நிர்வாகிகள், மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள். அமெரிக்கத் தலைவருக்கு 46 மாதச் சிறை. இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் இருந்தவர், அமெரிக்க மண்ணில் கால் வைத்ததே இல்லை, அவரை 2007இல் நாடு கடத்திக் கொண்டுபோய் 51 மாதம் கொடுத்தார்கள். அவர் ஒரு ரூபாய் சம்பாதிக்கவில்லை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

லாபம் இல்லாமல் எப்படி உள்ளே தள்ளினார்கள் என்று கேட்பீர்கள். 1994இல் எம்ஐடி மாணவர் ஒருவர் செர்வர் போட்டு மென்பொருள்களை இலவசமாகப் பரிமாற வழி செய்தார். வழக்கு போட்டார்கள், ஆனால் லாப நோக்கம் இல்லாததால் அன்றைய சட்டப்படி அது குற்றமாகவில்லை, தள்ளுபடி ஆனது. லமாக்கியா வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் பாடமே இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1997இல் காசு வாங்காமல் கொடுத்தாலும் குற்றம் என்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது.

---

சும்மா_வந்தவன் எழுதியது:

எல்லாம் சரி, கண்ணன் ஆபீஸ்காரர் சொன்னதை யாரும் தொடவில்லையே. பில் கேட்ஸே "திருடுவதானால் எங்களுடையதைத் திருடுங்கள்" என்ற மாதிரி பேசியிருக்கிறாரே? அப்புறம் என்ன லீக், என்ன கைது? எல்லாம் நாடகம்.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

பேசினார், 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சீனாவைப் பற்றிய பேச்சில். இப்போது காசு கொடுக்க மாட்டார்கள், எப்படியும் திருடப் போகிறார்கள், அப்போது நம்முடையதையே திருடட்டும், பழகிவிட்டால் பின்னால் எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில். ஆனால் பார்த்தும் பார்க்காமல் விடுவது ஒன்று, தானே கொண்டுபோய் வெளியே போடுவது வேறொன்று. தனி ஆளை விட்டுவிட்டு, கம்பெனியாக வளர்ந்தபிறகு லைசென்ஸ் கணக்குக் கேட்டு ஆடிட் கடிதம் அனுப்பினார்கள் என்பது உண்மை. அதற்காக எக்ஸ்பி கீயை அவர்களே கசியவிட்டார்கள் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஆக்டிவேஷனுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, கடைக்கு வர ஐந்து வாரம் இருக்கும்போதே தானே கேவலப்பட எந்தக் கம்பெனி விரும்பும்?

இதே கேட்ஸ் இளைஞராக இருந்தபோது எப்படிக் கொதித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1975 ஜூனில் ஆல்டேர் கம்ப்யூட்டரை ஊர் ஊராக வேனில் கொண்டுபோய்க் காட்டினார்கள். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ ஊரின் ஒரு ஹோட்டலில் காட்சி நடந்தபோது, கேட்ஸும் அவரோடு மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பால் ஆலனும் எழுதிய பேசிக் நிரல் மொழி இருந்த காகித நாடா ஒன்று யாரோ ஒருவர் கையோடு போய்விட்டது. ஹோம்ப்ரூ என்ற கம்ப்யூட்டர் ஆர்வலர் கிளப்பின் அடுத்த கூட்டத்தில் அதன் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த முறை வரும்போது ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து வர வேண்டும் என்பது நிபந்தனை! 1976 பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார், ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று. அங்கேயும் பாருங்கள், ஹேக்கிங் எதுவும் இல்லை. டெமோ நடந்த மேசையில் இருந்த நாடா.

---

கேம்_மணி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது சிடி காலத்துக்குப் பொருந்தும். இன்றைக்கு அந்த சப்ளையருக்கே வேலை இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் முதல் நாளே யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து இறக்கலாம், பிரதி கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. அதனால் மொத்தக் கஷ்டமும் உடைக்கிற பக்கம் போய்விட்டது. 2014இல் டெனுவோ என்ற கேம் பூட்டு வந்தபிறகு சில கேம்கள் மாதக்கணக்கில் தாக்குப் பிடித்தன, அதை உடைத்தவர்களை "கை நழுவியது" என்று சொல்லித் தள்ள முடியாது. 2017 ஜனவரியில் ரெசிடென்ட் ஈவில் 7 ஐந்தே நாளில் உடைந்தபோது எங்கள் வட்டாரத்தில் வேறு பேச்சே இல்லை.

ஆனால் கம்பெனிக்காரர்கள் சொந்த முட்டாள்தனத்தால் கொடுத்ததும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2020 மார்ச்சில் டூம் எடர்னல் வந்தது. அதை வெளியிட்ட பெதஸ்டாவின் சொந்த லாஞ்சரில் இறக்கினால் ஒரு ஃபோல்டருக்குள் டெனுவோ போடாத எக்ஸி கோப்பு சும்மா கிடந்தது. கிராக்கருக்கு வேலையே வைக்கவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது 2008இல் நடந்தது. ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமை நெட்டில் காசு கொடுத்து வாங்கியவர்களிடம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டிஸ்க்கைப் போடு என்று கேட்க ஆரம்பித்தது. டவுன்லோட் செய்தவனிடம் டிஸ்க் எங்கே இருக்கும்? யூபிசாஃப்ட் ஒரு திருத்தக் கோப்பு கொடுத்தது. யாரோ அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ரீலோடட் குழுவின் பெயர்! திருட்டுக் குழு போட்ட நோ-டிஸ்க் கிராக்கையே எடுத்து அதிகாரப்பூர்வ திருத்தம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளே புகுந்து எடுத்த கேஸும் இருக்கிறது, சிஸ்அட்மின் அண்ணா சொன்ன "அபூர்வம்" அதுதான். ஹாஃப்-லைஃப் 2, 2003. ஜெர்மனியில் ஒரு இளைஞர், அந்த கேமைச் செய்த வால்வ் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் நுழைந்து சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, எடுத்துவிட்டார், அக்டோபர் தொடக்கத்தில் அது நெட் முழுக்கப் பரவியது. அப்புறம் அவரே வால்வ் தலைவர் கேப் நியூவெலுக்கு ஈமெயில் போட்டு, நான்தான் நுழைந்தேன், எனக்கு வேலை கிடைக்குமா என்ற ரீதியில் பேச, இவர்களும் இன்டர்வியூவுக்கு வா என்று அமெரிக்காவுக்கு இழுக்கப் பார்த்தார்கள். விமானம் ஏறும் முன்பே 2004இல் ஜெர்மன் போலீஸ் பிடித்துவிட்டது. கிடைத்தது இரண்டு வருட நன்னடத்தைத் தண்டனை, சிறை இல்லை. கேம் கடைசியில் 2004 நவம்பரில்தான் வந்தது.

---

அகிலா_நெட் எழுதியது:

மணி, அதே 2004 பிப்ரவரியில் விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000 இரண்டின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி வெளியே வந்ததே, அது மைக்ரோசாஃப்டுக்குள்ளிருந்து போகவில்லை. உள்ளே கிடந்த சில தடயக் கோப்புகள் மெயின்சாஃப்ட் என்ற பார்ட்னர் கம்பெனியின் மெஷினைக் காட்டின. விண்டோஸ் மென்பொருளை யுனிக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றித் தருவதற்காக முறைப்படி ஒப்பந்தம் போட்டு சோர்ஸ் கோட் வாங்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். சொந்த வீட்டை எவ்வளவு இறுக்கினாலும் பார்ட்னர் வீட்டுக்கு யார் காவல் இருப்பது.

---

லினக்ஸ்_வாத்தியார் எழுதியது:

எல்லாரும் பழைய வீரக் கதை பேசுகிறீர்கள். இன்று கூகுளில் ஒரு மென்பொருள் பெயரோடு கிராக் என்று சேர்த்துத் தேடினால் வருவது அந்த சீன் ஆட்கள் செய்தது என்று யாராவது நம்பினால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் தூண்டில். பாஸ்வேர்ட் போட்ட ஒரு ஜிப் கோப்பு, பக்கத்திலேயே பாஸ்வேர்ட். எதற்கு பாஸ்வேர்ட்? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு. கூடவே ஒரு குறிப்பு, "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், கிராக் என்றாலே அது தப்பாகக் காட்டும்" என்று. போலி கீ தயாரித்துத் தருகிற உண்மையான கீஜென்னையும் ஆன்டிவைரஸ் பிடிக்கும் என்பது ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிப்போனதால் இந்த ஒரு வரியே போதுமானதாகிவிட்டது, திருடனுக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்பட்ட, கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கிற ரான்சம்வேர் பரவியதே முக்கியமாக இந்த வழியில்தான். மாட்டியவர்கள் பெரிய கம்பெனிகள் இல்லை, கல்யாண ஃபோட்டோவும் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் வைத்திருந்த வீட்டுக்காரர்கள். விண்டோஸை ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் கருவியின் போலியில் பாஸ்வேர்டும் கிரிப்டோ வாலட்டும் திருடுகிற கிரிப்ட்பாட் இருந்ததை 2021இல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது.

வெப்சைட் செய்கிற தம்பிகளுக்கு ஒன்று. காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் தீம் லைசென்ஸ் பூட்டு எடுத்து "நல்டு" என்று இலவசமாகக் கிடைக்கிறதே, டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் அப்படித்தான் பரவியது. ஒரு தீமைப் போட்டால் அந்த சைட்டில் உள்ள மற்ற தீம்களிலும் ஏறிக்கொள்ளும், ஒரே ஹோஸ்டிங்கில் பக்கத்து சைட் இருந்தால் அதையும் விடாது, பின்வாசல் திறந்து வைத்துவிட்டு, உங்கள் சைட்டை வைத்தே அந்த நல்டு தளங்களைத் தேடலில் மேலே தூக்கும். அதாவது அடுத்த ஆளை மாட்டிவிடுகிற வேலையும் உங்கள் தலையில்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2009 ஜனவரியிலேயே ஆப்பிளின் ஆபீஸ் மென்பொருளான ஐவொர்க் 09இன் திருட்டுப் பிரதியில் ட்ரோஜன் வந்தது. 2015இல் சீனாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஐஃபோன் ஆப் செய்கிற கருவியான எக்ஸ்கோட் இலவசம்தான், ஆப்பிள் செர்வரிலிருந்து இறங்க நேரமாகிறது என்று டெவலப்பர்கள் பைடு கிளவுடில் கிடந்த பிரதியை எடுத்தார்கள். அதில் செய்த ஆப் எல்லாவற்றிலும் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீநிரல் ஒட்டிக்கொண்டு ஆப் ஸ்டோருக்கே போய்விட்டது, வீசாட் உட்பட. காசு மிச்சம் பிடிக்கக்கூட இல்லை, நேரம் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

---

திருப்பூர்_கண்ணன் எழுதியது:

அடேங்கப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. ஆபீஸ்காரரிடம் காகித நாடா கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்ள மாட்டார், இருந்தாலும்.

ஒரே ஒரு துணைக் கேள்வி. எங்கள் மாமா சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறார், பேஜ்மேக்கரும் பழைய ஃபோட்டோஷாப்பும்தான். "அடோபியே பழையதை எல்லாம் ஃப்ரீயாக விட்டுவிட்டான், எடுத்துக் கொடுடா" என்கிறார். அது உண்மையா? இந்தியாவில் பயன்படுத்துகிறவர் மீது சட்டம் பாயுமா, இல்லை விற்பவர் மீது மட்டுமா?

---

அகிலா_நெட் எழுதியது:

பயன்படுத்துகிறவர் மீதும் பாயும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று மென்பொருளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருடம் வரை சிறை, அபராதம் 50,000இலிருந்து 2 லட்சம் வரை. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. அச்சகம் தொழில் ஆயிற்றே, அந்தச் சலுகை மாமாவுக்குப் பொருந்தாது.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

அடோபி விஷயம் பாதி உண்மை. 2013 ஜனவரியில் ஃபோட்டோஷாப் அடங்கிய சிஎஸ்2 என்ற பழைய பதிப்புக்கான ஆக்டிவேஷன் செர்வரை மூடினார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் திரும்ப நிறுவ முடியாமல் போகுமே என்று, ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையும் சீரியல் நம்பரையும் சேர்த்துத் தங்கள் சைட்டிலேயே போட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்ற நிலையில் இருந்தது, ஒரே நாளில் ஃபோட்டோஷாப் இலவசம் என்று உலகம் முழுக்கச் செய்தி. அப்புறம் அடோபி வந்து, இது லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் கொடுத்தது, அதற்குள் இறக்குகிறவர்கள் இறக்கி முடித்துவிட்டார்கள். உங்கள் ஆபீஸ்காரருக்கு வேண்டுமானால் இதைக் கொடுங்கள், "கம்பெனிக்காரனே விட்டான்" என்பதற்கு நான் கேள்விப்பட்டதில் இதுதான் கிட்ட வருகிறது.

மாமாவிடம் அசல் சிஎஸ்2 பில் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் படம் வரைய இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் இலவசம், ஸ்கிரைபஸ் 1.5 வரிசையிலிருந்தே யூனிகோட் தமிழ் ஒழுங்காகச் சேர்கிறது. அவர் முரண்டு பிடிக்கப்போவது பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை நினைத்துத்தான், அதெல்லாம் யூனிகோட் வராத காலத்து ஃபான்டில் அடித்தவை. அதை மாற்றுவது பற்றித் தனித் திரி போடுங்கள், எந்த ஃபான்ட் என்று மறக்காமல் எழுதுங்கள், அது தெரியாமல் யாராலும் உதவ முடியாது.